மூன்று டம்ளர் சீனி

ராசா, பெங்களூரிலிருந்து நீ எழுதிய கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று தடவை படித்தேன். பெண் வீட்டார் மண்டபம் பேசி முடித்துவிட்டார்கள் என்பதிலும், அந்தப் பெண் உன்னிடம் போனில் சிரித்துப் பேசுகிறாள் என்பதிலும் எனக்கு நிறைந்த சந்தோஷம். ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ எழுதிய நாலு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "அப்பா இல்லாததால் நம் பக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும் மணையில் உட்காரட்டும்மா. பழசையெல்லாம் விட்டுவிடு. எனக்காக" என்று எழுதியிருக்கிறாய். புருஷனை இழந்தவள் மணையில் உட்காரக் கூடாது என்பது ஊர் வழக்கம். அதை எதிர்த்து உன் கல்யாணத்தில் நான் சண்டை போடப் போவதில்லை. ஆனால் நான் விட்டு விலகுகிற இடத்தில் உன் பெரியம்மா வந்து உட்காருவாள் என்றால், அதற்கு முன்னால் நீ சிலதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் என்றுதான் எழுதுகிறேன். என்னைவிட எட்டு வயது மூத்தவள், உன் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன் மனைவி, எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

அப்போது உனக்கு ஏழு வயது. வருடம் முழுக்கத் தொண்டை வீங்கிக் காய்ச்சலில் கிடப்பாய். அந்த மே மாத லீவில் மதுரைக்குக் கூட்டிப்போய் டான்சில் ஆபரேஷன் செய்தோம். பத்து நாளைக்குக் கெட்டியாக எதுவும் கொடுக்காதீர்கள், குளிர்ச்சியாகக் கொடுங்கள், பிள்ளை எவ்வளவு ஐஸ் கேட்டாலும் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ராஜபாளையத்தில் நாம் இருந்த வாடகை வீட்டில் மண்பானைத் தண்ணீர்தான் குளிர்ச்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியப்பா வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்ததால் அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வாருங்கள் என்று உன் அப்பா நம்மை விட்டுவிட்டு மில் வேலைக்குத் திரும்பிப் போனார். அந்த ஃப்ரிட்ஜ் பெரியம்மாவுக்கு அவள் அப்பா கொடுத்த சீர். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்று கூடத்தில் வைத்திருந்தாள். அந்தக் கால ஃப்ரிட்ஜ்களில் கதவுக்குப் பூட்டு உண்டு. சாவியைப் பீரோச் சாவியோடு சேர்த்து இடுப்பில் சொருகியிருப்பாள்.

அவளைக் கேட்டுக்கொண்டுதான் அந்த ஃப்ரிட்ஜில் வைத்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்து, சீனியைக் காய்ச்சி ஊற்றி, துணியில் வடிகட்டி, நாலு எவர்சில்வர் டம்ளரில் வைத்தேன். சாயங்காலம் உறைந்ததும் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி உன் வாயில் வைப்பேன். கண்ணில் தண்ணீர் வழிய முழுங்குவாய். அதை விட்டால் நாள் முழுக்க வேறு ஆகாரம் கிடையாது உனக்கு. மூன்றாம் நாள் அவள் பிறந்த வீட்டு ஆட்கள் சிவகாசியிலிருந்து வந்தார்கள். நான் பின்பக்கம் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தால், என் நாலு டம்ளரும் தட்டில் அவர்கள் முன்னால் இருக்கின்றன. "எங்க பிரிஜ்ல நானே போட்டது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் போய் மெதுவாகத்தான் கேட்டேன். "ஒண்ணாவது குடுங்கக்கா. பிள்ள எச்சி முழுங்க முடியாம கிடக்கான்."

அவள் மெதுவாகப் பேசவில்லை. "ஏட்டி, ஒம் மகனுக்கு ஐஸ் வேணும்னா ஒங்கப்பன ஒரு பிரிஜ் வாங்கித் தரச் சொல்லு. வரும்போது ஒரு பானை சட்டி கூட ஒழுங்கா கொண்டாராதவளுக்கு ஐஸ் கேக்குதாக்கும்!" என்றாள். வந்தவர்கள் சிரித்தார்கள். செட்டியார்பட்டியில் தறி ஓட்டிய என் அப்பா அப்போது உயிரோடு இருந்தார். தன் பேர் ஒரு கூடத்தில் சிரிப்பாய்ச் சிரித்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது. பெரியப்பா பேப்பரை இறக்கவே இல்லை. அவள் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினாள். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே பஸ் ஏறினேன். நீ என் சேலையில் ரத்தமாக எச்சில் துப்பிக்கொண்டே வந்தாய். அந்தக் கறை போகவே இல்லை.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், உனக்கே தெரியும். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே, "அண்ணி அப்படித்தான். அவிய சுபாவம் அது. நீ ஏன் பெருசு பண்ணுத?" என்றார். ராசா, உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் சொல்கிறேன். நாளைக்கு உன் பெண்டாட்டி வந்து, இன்னார் என்னை இப்படிச் சொன்னார் என்று சொன்னால், அவர்கள் அப்படித்தான் என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ போய்ச் சண்டை போட வேண்டாம். கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, என்ன சொன்னார்கள் என்று முழுதாகக் கேள். அன்று உன் அப்பா அதை மட்டும் செய்திருந்தால், நான் அடுத்த ஆறு வருடம் செய்ததைச் செய்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது. நினைக்கிறேன்.

மறுநாளே ஐஸ் பாக்டரிக்குப் போய் ஒரு பாளம் வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தேன். உலக்கையால் அதை உடைத்து வாளியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு கல்லுப்பு என்று போட்டு, நடுவில் அலுமினியத் தூக்குச்சட்டியைப் புதைத்து, அதன் கைப்பிடியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தேன். உப்பு சேர்ந்தால்தான் ஐஸுக்குக் குளிர் ஏறும். முதல் நாள் மூடி வழியாக உப்புத் தண்ணீர் இறங்கி எல்லாம் பாழ். இரண்டாம் நாள் சீனி குறைந்து கல்லாகிவிட்டது. மூன்றாம் நாள் சீனி கூடி, எவ்வளவு திருப்பியும் கஞ்சியாகவே நின்றது. அன்றுதான் அந்த வித்தையின் உயிர் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது. சீனி குறைந்தால் பல் இறங்காது, கூடினால் உறையாது. நம் ஊர் பஞ்சவர்ண மாம்பழக் கூழ் நாலு டம்ளர் என்றால் ஒரு டம்ளர் சீனி, ஒரு டம்ளர் தண்ணீர், அரை மூடி எலுமிச்சை. அரை மணிக்கு ஒருதரம் திறந்து, ஓரத்தில் உறைந்ததை வழித்து நடுவில் தள்ள வேண்டும். வாளியைத் திருப்பும்போதெல்லாம் அவள் சொன்ன வார்த்தையை மனதுக்குள் முதலிலிருந்து கடைசிவரை சொல்லிக்கொள்வேன். கை அலுப்பே தெரியாது. நான்காம் நாள் சரியாக வந்தது. நீ ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும்" என்றாய். ஆபரேஷனுக்குப் பிறகு உன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

அப்புறம் நான் நிறுத்தவில்லை. தர்ப்பூசணி, நுங்கு, நெல்லிக்காய், நன்னாரி என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் காய்ச்சிய பாலில் கரைத்து உறைய வைத்தேன். தெருவில் விசேஷம் என்றால் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நாலைந்து வருடத்தில் நம் வீட்டுக்கும் ஃப்ரிட்ஜ் வந்தது. அதற்குப் பூட்டு இருந்தது. சாவியை வந்த அன்றே உன் அப்பா கையில் கொடுத்து, கிணற்றில் போடச் சொன்னேன். சொந்தக்காரர்கள் எல்லோர் வீட்டுக்கும் ஐஸ் கொடுத்தனுப்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மட்டும் அனுப்பவில்லை. அனுப்பாதது அவள் காதுக்கு எட்டும்படியும் பார்த்துக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். அவள் மகள் பத்மா உன்னைவிட ஆறு வயது மூத்தவள். ஒவ்வொரு மே லீவுக்கும் அவளை நம் வீட்டுக்கு வரவழைத்தேன். நீ அவள் பின்னாலேயே திரிவாய், ஞாபகம் இருக்கும். சித்திக்கு உன் அக்காமேல் எவ்வளவு பாசம் என்று எல்லோரும் சொன்னார்கள். பாசம் பின்னால் வந்தது. முதலில் எனக்கு இருந்த எண்ணம், அவள் பெற்ற மகள் அவளைவிட என்னிடம் ஒட்ட வேண்டும் என்பதுதான். ஒட்டினாள். லீவு முடிந்து ஊருக்குப் போகும்போது அழுவாள். கூட்டிப்போக பஸ் ஸ்டாண்டோடு வந்து நிற்கிற பெரியம்மா முகம் சுண்டும். அதைப் பார்க்கவே நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். பத்மாவுக்கு எல்லா ஐஸும் கைவந்துவிட்டது. அளவு டம்ளரே இல்லாமல், கண்பார்வையில் சீனி போடுவாள்.

பத்மாவுக்கு மதுரையில் மாப்பிள்ளை பார்த்து, வைகாசியில் நிச்சயம் வைத்தார்கள். ஒரு வாரம் முன்னால் உன் பெரியம்மா நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. மாம்பழ ஐஸ் கொடுத்தேன். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"மாப்பிள்ள வீட்டுக்காரவிய பெரிய இடம். வீட்லயே செஞ்ச ஐஸ்னு சொல்லிக் குடுக்கணும்னு ஆசை. பத்மாவோட கண்ணளவ நம்பி அறுபது பேருக்குப் போட முடியாது. செய்முறைய எழுதிக் குடு."

"நானே வந்து செஞ்சு தாரேனேக்கா" என்றேன். அப்போது மனதில் ஒன்றும் இல்லை, ராசா. சத்தியமாக.

"வேண்டாம், வேண்டாம். நீ பந்தியில கூட நின்னா போதும். நாங்க செஞ்சதா இருக்கட்டும். நீ சொல்லித் தந்ததுன்னு அங்க வாயத் திறந்துராத."

நாலு டம்ளர் தட்டில் இருந்ததும், "நானே போட்டது" என்று அவள் சொன்னதும் எனக்குள் அப்படியே எழுந்து நின்றன. உன் பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, மணிமணியாக எழுதினேன். மாம்பழக் கூழ் நாலு டம்ளர். தண்ணீர் ஒரு டம்ளர். சீனி மூன்று டம்ளர். அவள் படித்துப் பார்த்து, "இம்புட்டுச் சீனியா?" என்றாள். "மதுரைக்காரவிய இனிப்பு கூடத்தான் சாப்பிடுவாவ. இது பத்தாது, இன்னும் ஒரு கை போட்டாலும் தப்பில்ல" என்றேன். முகம் மாறாமல் சொன்னேன்.

நிச்சயத்தன்று நான் நல்ல சேலை உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தட்டு மாற்றி முடிந்து, அறுபது பேர் உட்கார்ந்த பந்தியில், பெரியம்மா பட்டுச் சேலை சரசரக்க வந்து, "எங்க வீட்லயே செஞ்ச ஐஸ்" என்று சம்பந்தியம்மாளிடம் சொன்னாள். பாத்திரத்தைத் திறந்தால் மஞ்சள் கஞ்சி. கரண்டியில் எடுத்தால் ஒழுகுகிறது. மாப்பிள்ளையின் அம்மா கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்து, "இது என்ன, பாயசமா?" என்று கேட்டாள். பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக நான் ஆறு வருடம் காத்திருந்தேன். எனக்கு இனித்தது. உன்னிடம் பொய் சொல்வதற்கில்லை, அப்படி இனித்தது.

ஆனால் பெரியம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்தாள். தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பின்னால் நின்ற பத்மாவின் கன்னத்தில் அறைந்தாள். "இவதான் செஞ்சா. ஒண்ணுக்கும் லாயக்கில்லாத மூதி. சபையில என் மானத்த வாங்குதா" என்றாள். மணப்பெண் அலங்காரத்தில், அறுபது பேர் முன்னால். பத்மா கன்னத்தில் கையைக்கூட வைக்கவில்லை. குனிந்தபடியே கிண்ணங்களைத் திரும்ப எடுத்தாள். சீனி நான் எழுதிக் கொடுத்த அளவுதான் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்துவந்தேன். கல்யாணம் நின்றுபோகவில்லை. ஆனால் மதுரையில் அந்தப் பிள்ளைக்குப் "பாயசம்" என்றே பேர் வைத்தார்கள். மாமியார் கூப்பிட்டாலும் பாயசம், கொழுந்தன் கூப்பிட்டாலும் பாயசம். முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் அந்தப் பேர் மெல்ல ஓய்ந்தது. அத்தனை வருடமும் நல்ல நாளுக்கு நம் வீட்டுக்கு வந்து, "சித்தி, சௌக்கியமா?" என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள், வெள்ளிக்கிழமை, மதுரைக்கு பஸ் ஏறினேன். மணையில் உன் பெரியம்மாவை உட்கார வைக்கக் கூடாது, பத்மாவையும் அவள் புருஷனையும்தான் உட்கார வைக்க வேண்டும் என்று முடிவு செய்தாயிற்று. அதற்குக் காரணம் உன்னிடம் சொல்வதென்றால் முதலில் பத்மாவிடம் சொல்லியாக வேண்டும். அவள் அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே, மணையில் உட்காரச் சொல்லிக் கேட்டேன், ஒரு டம்ளர் சீனியை மூன்று என்று எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஒண்ணுதான்னு எனக்குத் தெரியும் சித்தி. எத்தன லீவு ஒங்க கூட நின்னு செஞ்சிருக்கேன்."

"பொறவு ஏன் மூணு போட்ட?"

"ஒங்க எழுத்துல்லா அது. நீங்க தப்பா எழுதுவியளா? எனக்குத்தான் ஞாபகம் பிசகிட்டு போலன்னு நினைச்சேன்."

நான் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் சப்பாத்திக் கட்டையை ஓரமாக வைத்தாள். அழுவாள், அல்லது என்னை வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "இத எங்க அம்மாட்டச் சொல்லிட்டியளா?" இல்லை என்றேன். "போய்ச் சொல்லுங்க. என்னை அடிச்சதுக்கு அவிய எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். பதிமூணு வருசமா நான்தான் தப்புப் பண்ணவன்னு நினைச்சுட்டு இருக்காவல்லா."

உலகத்தில் யார் முன்னால் தலை குனியக் கூடாது என்று இருந்தேனோ அவள் முன்னால் போய்க் குனி என்கிறாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். நேற்றுக் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பெரியப்பாவுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை, உள்ளே படுத்திருந்தார். அவள் கூடத்தில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உன் கல்யாணப் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "அக்கா, பத்மா நிச்சயத்துல ஐஸ் உறையாமப் போனது என் வேலை. ஒரு டம்ளர் சீனிய மூணுன்னு வேணும்னேதான் எழுதினேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நாக்குல வச்சதுமே தெரிஞ்சு போச்சு, நீதான்னு."

"பொறவு ஏன் அந்தப் பிள்ளைய அடிச்சிய?"

"ஒம்பேரச் சொன்னா, ஒங்கிட்டப் போய் நின்னு எழுதி வாங்குனேன்னு ஆயிரும்லா? சம்பந்தி முன்னாடி அத நான் சொல்லணுமாக்கும்?" என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். ஏட்டி என்று என்னைக் கூப்பிட்டவள் முதல் முறையாக அம்மா போட்டுப் பேசினாள். "இத மட்டும் பத்மாட்டச் சொல்லிராதம்மா."

ராசா, இருபது வருடமாக நான் கேட்ட ஆயுதம் அந்தக் கூடத்திலேயே என் கையில் வந்து விழுந்தது. அதை விட்டுவிட நான் அவ்வளவு நல்லவள் இல்லை. "நான் சொல்லல. நீங்க சொல்லுங்க. இப்பமே போன் போட்டுச் சொல்லுங்க. நான் இங்கனயே உக்காந்திருக்கேன்" என்றேன். "சொல்லாட்டி?" என்று கேட்டாள். "சொல்லாட்டி, மண்டபத்துல ஒங்க பொறந்த வீட்டு ஆளுவ எல்லாரும் வந்து உக்காந்த பொறவு, நான் சொல்லுவேன்."

கொத்தவரங்காயை ஓரமாகத் தள்ளினாள். பிறகு எழுந்து டெலிபோன் பக்கம் போனாள். இரண்டு தடவை நம்பர் தப்பியது. மூன்றாம் தடவை மணி அடித்தது. "பத்மா, அம்மா பேசுதேன். அன்னைக்கு ஒம்மேல தப்பு இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அடிச்சேன்" என்றாள். அந்தப் பக்கம் என்ன பேச்சு என்று எனக்குக் கேட்கவில்லை. இவள் "ம்" என்றாள். இன்னொரு தடவை "ம்" என்றாள். அப்புறம் ரிசீவரைக் காதில் வைத்தபடியே வெகுநேரம் நின்றாள். "வச்சுட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். தோள் குலுங்கியது. எனக்கு வயிறு குளிர்ந்தது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. உன் அம்மா இப்படிப்பட்டவள்தான் என்பதையும் தெரிந்துகொள்.

இன்று காலை பக்கத்து வீட்டுப் போனில் பத்மா கூப்பிட்டாள். "சித்தி, நானும் எங்க வீட்டுக்காரவியளும் மணையில உக்காருதோம். ஒங்களுக்காக இல்ல, தம்பிக்காக. அம்மா செஞ்சதையும் மறக்க மாட்டேன், நீங்க எழுதிக் குடுத்ததையும் மறக்க மாட்டேன்" என்றாள். சரி என்றேன். இனி நம் வீட்டுக்கு வந்தால் என் காலைத் தொட மாட்டாள் என்று நினைக்கிறேன். தொட வேண்டாம்.

ஆகையால் நீ ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நேரில் போய் யாரையும் அழைக்க வேண்டாம். பத்திரிகை வைத்தாயிற்று. பெரியம்மா வருவாள். வராமல் இருந்தால் ஊர் ஏன் என்று கேட்கும், அதற்குச் சொல்ல அவளிடம் பதில் இல்லை. நாற்காலியில் உட்காரட்டும், சாப்பிட்டுப் போகட்டும். அக்காவுக்குச் சேலை நான் எடுக்கிறேன். அவள் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை நீ அங்கேயே நல்லதாக எடுத்துவிடு, அவர் பத்மாவைவிட நல்ல உயரம். உன்னையும் என் மருமகளையும் அவர்கள் மணையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்கிறபோது நான் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன். என்னை முன்னால் வரச் சொல்லி யாரும் கூப்பிட வேண்டாம். நீயும் கூப்பிடாதே.

உன் அம்மா